சிங்கம் தேய்ந்த கெண்டி

கெண்டியை முதலில் அம்மாவின் பருத்திப் புடவையில் சுற்றினேன். அதன்மேல் ஒரு துண்டு. அதைத் தோள்பையில் வைத்து, பையை மடியிலேயே வைத்துக்கொண்டு பினாங்கிலிருந்து வந்தேன். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் வெகுநேரம் பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அஸ்தியா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை, டீபாட் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

வெள்ளி டீபாட். இங்கிலாந்தில் செய்தது. அம்மாவுக்கு டீபாட் என்று சொல்ல வராது, வளைந்த மூக்கு இருந்ததால் கெண்டி என்றே சொல்லிவந்தாள். அது எங்களுடையது அல்ல. பக்கத்து வீட்டு கபூர் பாயுடையது. தோட்டத்துத் துரைகள் வந்துபோகும் கிளப் ஒன்றில் அவர் தேநீர் போடுகிறவராக இருந்தார். கிளப்பை மூடியபோது அலமாரியிலிருந்து இதை எடுத்து அவர் கையில் கொடுத்தார்களாம். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்து, தன் ஊரான சதுரங்கப்பட்டினத்துக்குக் கிளம்பிய நாளில், கீலில் இருந்த ஆணியைத் தட்டி எடுத்து மூடியை மட்டும் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கெண்டியை அம்மாவிடம் கொடுத்தார். "இந்த மூடியோட யார் வந்தாலும் குடுத்துடுங்கம்மா" என்றார். அப்போது எனக்குப் பதினொரு வயது.

மூடியோடு யாரும் வரவில்லை. நாங்கள் இருந்த வரிசை வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். நாங்கள் வேறு பேட்டைக்குப் போனோம். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எனக்குத் தெரியும், எழுதவில்லை. அந்த நாற்பது சொச்ச வருஷத்தில் எத்தனையோ ஊர்களுக்குப் போய்வந்தேன். கால் ஒரு இடத்தில் தரிக்காதவன் என்று பெயர். போகவேண்டிய ஊருக்கு மட்டும் போகவில்லை. அம்மா கடைசியாகப் பேசிய நாட்களில், மூடி வராவிட்டால் கெண்டியாவது போகட்டும் என்றாள்.

செங்கல்பட்டில் இறங்கிய முதல் காலை, ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சின்னக் கடையில் இட்லியும் வடகறியும் தின்றேன். வடகறி என்ற ஒன்றை நான் தின்றதே கிடையாது. பினாங்கில் ரொட்டி சானாய்க்கு ஊற்றும் பருப்புக் குழம்பின் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருந்தது, ஆனால் வாய்த்துடுக்கு அதிகம். பக்கத்து மேசையில் இருந்தவர் என் பையைப் பார்த்து, தட்டை நகர்த்தி இடம் கொடுத்தார். அது தரையில் படக்கூடாத பை என்று அவராகவே முடிவு செய்திருக்க வேண்டும். நான் நன்றி சொன்னதற்கு, இதற்கெல்லாம் எதற்கு என்பதுபோல் கையை ஆட்டிவிட்டு இன்னொரு கரண்டி வடகறி வாங்கிக்கொண்டார்.

கொளவாய் ஏரிக்கரையில் கொஞ்சம் நின்றேன். தண்ணீர் முழுக்க வெள்ளியாய்க் கிடந்தது. ஒரு புறநகர் ரயில் ஏரியின் மேலேயே நடப்பதுபோல் போயிற்று. இத்தனை பெரிய வெள்ளிக்கு யாரும் காவல் இல்லை. என் மடியில் இருந்த சிறு வெள்ளிக்கோ நான் கிளம்பியதிலிருந்து தூங்காமல் காவல் இருந்தேன்.

அழுக்கோடு கொண்டுபோய்க் கொடுக்கக்கூடாது என்று தோன்றியது. பஜாரில் ஒரு வெள்ளிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதற்குமேல் மெருகேற்றினால் ஓட்டை விழுந்துவிடும் என்றார். பிறகு ஹால்மார்க் எங்கே என்று கேட்டார். கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் என்று விரலை வைத்தேன். விரலுக்கு அடியில் ஒன்றுமில்லை. அவர் கண்ணில் கண்ணாடிக் குழலை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வெள்ளி தான் சார், சந்தேகமே இல்ல. ஆனா எங்க செஞ்சது, யாரு செஞ்சதுன்னு கேட்டா இது வாயத் தொறக்காது" என்றார்.

நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த இடத்தில் ஐந்து சின்னப் படங்கள் இருந்தன. கடுகு அளவு கட்டங்களுக்குள், வரிசையாக. முன்காலைத் தூக்கி நடக்கிற சிங்கம், வெள்ளி சுத்தமானது என்பதற்கு. நங்கூரம், செய்த ஊருக்கு. பர்மிங்காம் என்கிற அந்த ஊரில் கடலே கிடையாது, அடையாளத்துக்கு மட்டும் நங்கூரம். ஒரு எழுத்து, செய்த வருஷத்துக்கு. பக்கவாட்டில் பார்க்கிற ஒரு தலை, வரி கட்டியாயிற்று என்பதற்கு. செய்தவரின் பெயரெழுத்து இரண்டு. இதெல்லாம் பின்னாளில் நூலகத்தில் படித்து நான் தெரிந்துகொண்டவை. அம்மாவுக்குச் சிங்கம் ஒன்றுதான் புரிந்தது. அது அம்மனின் வாகனம்.

வியாழக்கிழமை தோறும் விபூதி போட்டு கெண்டியைத் தேய்ப்பாள். வெள்ளிக்கிழமை அந்தச் சிங்கத்துக்கு ஒரு பொட்டு சந்தனம், அதன்மேல் குங்குமம். அடுத்த வியாழன் அதைத் தேய்த்து எடுப்பாள். ஒருநாளும் அதில் தேநீர் ஊற்றியதில்லை. பிறத்தியார் பொருள். ஆனால் அதன் பளபளப்பு குறைந்தால் நம் மனசு குறைந்ததாக அர்த்தம் என்பாள். நாற்பது சொச்ச வருஷத்து வியாழக்கிழமைகள். சிங்கம் எப்போது எழுந்து போனது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குங்குமத்தின் அடியில் யார் பார்த்தார்கள்?

மறுநாள் கல்பாக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். திருக்கழுக்குன்றத்தில் அது நின்றுவிட்டது. முன்னால் இருந்து புகை வந்தது. கண்டக்டர் போனில் யாருக்கோ நிலைமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "வண்டி வெந்துகினு கீது. இல்லப்பா, நெருப்பு இல்ல. ஆவி. அதுவும் என்னிய மாதிரி தான், காலைல நாஸ்தா பண்ணல." மலையைப் பார்த்தபடி எல்லோரும் சாலையோரம் நின்றோம். மதியத்தில் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் தின்றுவிட்டுப் போகுமாம், இப்போதெல்லாம் வருவதில்லையாம். மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி இதைச் சொல்லிவிட்டு, வராவிட்டால் என்ன, அவற்றுக்கும் வயசாகாதா என்றார். வேர்க்கடலைப் பொட்டலத்தில் பாதியை என் கையில் கொட்டினார். நான் யார், எங்கே போகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. எங்கள் ஊரில் படகுத்துறையில் நின்றால் யாரும் யாருக்கும் கடலை கொடுக்க மாட்டார்கள். ஒருவேளை கொடுத்திருப்பார்கள், நான் தான் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

வேறொரு பஸ் வந்து எங்களை அள்ளிக்கொண்டு போய்ப் புதுப்பட்டினம் முனையில் கொட்டியது. அங்கிருந்து சதுரங்கப்பட்டினத்துக்கு ஆட்டோ. அப்துல் கபூர் வீடு என்றதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"எந்த கபூரு? கறிக்கடை கபூரா, மூடி கபூரா?"

மூடி கபூர் என்றால் என்ன என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே வண்டியை ஓட்டினார். பினாங்கில் வெள்ளியில் டீபாட் வைத்திருந்தாராம், வரும்போது மூடி மட்டும் வந்ததாம். டீக்கடையில் உட்கார்ந்தால் இதே பேச்சாம். ஊரே அவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது. "ஆளு போயி பன்னெண்டு வருஷம் ஆவுது. பேரு மட்டும் போவல" என்றார்.

நான் பையின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டேன். நான் எழுதாத ஒரு கடிதத்தின் பெயர் அது என்று அப்போது தோன்றியது.

டச்சுக்காரர்களின் கோட்டை மதிலைத் தாண்டி, பள்ளிவாசல் தெருவில் இரண்டாவது வீடு. முன்னறை முழுக்க நீலக் கட்டம் போட்ட சீருடைத் துணி. மூன்று தையல் இயந்திரங்கள். நடுவில் இருந்ததில் உட்கார்ந்திருந்தவர் கபூர் பாயின் மகள் மெஹருன்னிசா. ஏறக்குறைய என் வயது. சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் சீருடை தைத்துக் கொடுக்கிறார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, எத்தனை செட் என்று கேட்டார்.

பினாங்கிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் மிதியிலிருந்து காலை எடுத்தார், இயந்திரத்தின் சக்கரம் தானாகச் சுற்றி நின்றது. பிறகு உள்ளே திரும்பித் தம்பியைக் கூப்பிட்டார். படகுகளுக்கு ஐஸ் சப்ளை செய்யும் ஜமால், ஈரக் கைலியோடு வந்து வாசற்படியில் சாய்ந்து நின்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா இறந்த வருஷத்தையும் சொன்னேன். அந்த வருஷம் எங்கள் வீட்டில் காலையில் அடுப்பு எரியாது. கபூர் பாய் விடிகாலையில் தேநீர் போட்டு, முதல் டம்ளரை இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர்மேல் வைத்து எனக்குத் தருவார், ஒரு துண்டு ரொட்டியோடு. அப்புறம்தான் தான் குடிப்பார். ஒரு வருஷம் அல்ல, ஊருக்குக் கிளம்பும் நாள்வரை. மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றித் துணியில் துடைத்துக்கொண்டார். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பொட்டு வைத்ததை. ஒரு முஸ்லிம் வீட்டுப் பொருளுக்கு நாங்கள் வெள்ளிக்கிழமை பூசை செய்தோம் என்பதை அந்த வீட்டிலேயே உட்கார்ந்து எப்படிச் சொல்வது? கெண்டியில் ஐந்து முத்திரைகள் இருந்தன, சிங்கம், நங்கூரம் எல்லாம், துடைத்துத் துடைத்துத் தேய்ந்துவிட்டது என்று மென்று விழுங்கினேன்.

அவர் பீரோவிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். உள்ளே துணியில் சுற்றிய மூடி. கரி மாதிரி கறுத்திருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பினேன். உட்புறத்தில், நேற்று அடித்தது போல, சிங்கம் காலைத் தூக்கி நடந்துகொண்டிருந்தது. பிடரி மயிர்கூடத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு எழுத்து, பெயரெழுத்து இரண்டு.

"நாங்க தொடவே இல்ல. அதான் சிங்கம் உசுரோட கீது" என்றார் ஜமால். பிறகு, "நங்கூரம் இதுல இல்லியே அண்ணாத்த?"

இல்லை. தலையும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்த்தோம். மூடியின் கீல் கெண்டியின் கீலுக்குள் இறங்கவில்லை. எப்படித் திருப்பினாலும் மேலேயே முட்டிக்கொண்டு நின்றது. சாப்பாட்டு மேசைமேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று கரி, ஒன்று பால். உறவென்று சொல்ல ஒரு ஜாடை இல்லை.

ஜமால் கெண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். "உங்க சிங்கம் எங்க போச்சு? லீவா?"

மெஹருன்னிசா அவரைப் பார்த்த பார்வையில் அவர் வெளியே போய்விட்டார். எனக்குச் சோறு போட்டார்கள். சங்கரா மீன் குழம்பு, புளி கம்மியாக, மிளகு தூக்கலாக. நான் ஏமாற்றுக்காரனோ என்று சந்தேகப்படும் வீட்டில், எனக்கு மீனின் நடுத்துண்டு. வெட்கத்தில் தலை குனிந்தபடி தின்றேன், இரண்டாவது முறையும் வாங்கித் தின்றேன்.

கை கழுவி வந்ததும் மெஹருன்னிசா எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணா, ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்கக் கூடாது. எங்க மனசு நோவக் கூடாதுன்னு வேற ஒரு டீபாட் வாங்கியாந்து குடுக்கறீங்கன்னா, அது வேணாம். எனக்கு வெள்ளி வேணாம். ஸ்கூல்ல என்னிய மூடி மெஹர்னு தான் கூப்டுவாங்க. போர்டுல மூடி படம் போட்ட ஒருத்தன் மண்டைய ஒடச்சிருக்கேன். அத்தா சொன்னது நெசமா, இல்ல டீக்கடைக்குச் சொன்ன கதையா? எனக்கு அது தெரிஞ்சா போதும்."

நிஜம் என்றேன். சொல்வதற்கு என்னிடம் வாய் இருந்தது, காட்டுவதற்கு ஒன்றுமில்லை. என் அம்மாவின் நாற்பது வருஷமும் அவருடைய அத்தாவின் சொல்லும் ஒரே நேரத்தில் அந்த மேசைமேல் பொய்யாகிக்கொண்டிருந்தன. கெண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரே திருப்பித் தந்தார். நாளை வருகிறேன் என்று ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாமல்லபுரத்தில் அறை எடுத்திருந்தேன். சாயங்காலம் கடற்கரைக் கோயில் பக்கம் ஒரே கூட்டம். காற்று உப்பை அள்ளி எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரி பூசியது. கல்லில் செதுக்கிய சிங்கங்கள் அந்தக் காற்றில் எத்தனை நூறு வருஷமாய் நிற்கின்றன. மூக்கு மழுங்கிவிட்டது, இருந்தும் சிங்கம் என்று யாருக்கும் தெரிகிறது. ஒரு சிறுமி அதன் வாய்க்குள் கையை விட்டுக் கத்தினாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தச் சிங்கத்தை யாரும் அக்கறையோடு துடைக்கவில்லை.

கடற்கரைக்குப் போகும் தெருவில், வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழம்பொருள் விற்கும் கடை ஒன்று. ஷோகேஸில் வரிசையாக டீபாட்கள். போன மாசம் செய்தவை என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒவ்வொன்றிலும் சிங்கம். கடைக்காரர் சேகர், நாற்பது வயதிருக்கும். என் பை திறந்திருந்ததைப் பார்த்து, காட்டுங்கள் என்றார். கையில் வாங்கியதும் அவர் முகம் மாறியது.

"சார், இது ஒரிஜினல் ஆச்சே. யாரு சார் இத இப்டி வழிச்சி வெச்சது?"

அம்மா என்றேன். முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! வியாழக்கிழமை, விபூதி, பொட்டு, மூடி கபூர், மீன் குழம்பு, எல்லாம் கொட்டினேன். அவர் இடையில் டீ வரவழைத்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன எஃகு உளியை எடுத்துக் கல்லாமேல் வைத்தார். அதன் நுனியில் இடவலம் மாறிய ஒரு சிங்கம்.

"ரெண்டு நிமிஷ வேலை. போட்டுத் தர்றேன். நங்கூரமும் கீது. அந்தம்மாவுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி."

மறுக்கத்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. இருந்த இடத்தில் இருந்ததைத் திரும்ப வைக்கிறோம், இதில் பொய் எங்கே என்று மனசு சட்டம் பேசியது. கெண்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைச் சாய்த்துப் பிடித்து இடம் பார்த்தார். எஃகு நுனி வெள்ளியைத் தொட்ட அந்தச் சின்னச் சத்தத்தில், வேற ஒரு டீபாட் வேணாம் என்று மெஹருன்னிசா சொன்னது கேட்டது. இது அதே கெண்டிதான். ஆனால் பொய்ச் சிங்கம் ஏறிய நிமிஷமே வேறு கெண்டியாகிவிடும். வேண்டாம் சேகர் என்றேன்.

அவர் உளியை எடுத்துவிட்டார். கெண்டியைக் கீழே வைக்கவில்லை. கண்ணுக்கு அருகே கொண்டுபோய்க் கீலையே பார்த்தார்.

"மூடில நங்கூரம் இல்லன்னா சொன்னாங்க? இருக்காது சார். மூடில எல்லாத்தியும் போட மாட்டான். சிங்கம், எழுத்து, செஞ்சவன் பேரு, அவ்ளோதான். நான் டூப்ளிகேட் பண்றவன், எனக்குத் தெரியாதா? அது சரி, கீல்ல இன்னா இது, சுண்ணாம்பு அடச்சிகினு கீது?"

குண்டூசியால் ஒரு கடுகளவு கெல்லி எடுத்து விரலில் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார்.

விபூதி. சந்தனத்தில் குழைந்து, எண்ணெய் ஊறி, கல்லாய் இறுகிய விபூதி. அம்மாவின் சாமி அலமாரியைத் திறந்தது போல இருந்தது.

சேகர் முழுவதையும் அங்கேயே எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். ஊசியை என் கையில் கொடுத்துவிட்டார். "நான் எடுத்தா, இவன் அரத்தால ராவி வுட்டான்னு சொல்லுவாங்க. அவங்க முன்னாடி, அவங்க கையால எடுக்கச் சொல்லுங்க." கள்ள முத்திரை போடுகிறவருக்குத்தான் நம்பிக்கை எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது என்று இத்தனை துல்லியமாகத் தெரியும் போலிருக்கிறது. டீக்குக்கூட என்னைக் கொடுக்கவிடவில்லை.

மூன்றாம் நாள் காலை சதுரங்கப்பட்டினத்தில் இறங்கியபோது அதே ஆட்டோ நின்றது. மூடி வூடா என்றார் டிரைவர். ஆமாம் என்றேன்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே, முதலில் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். அம்மா சிங்கத்தை அம்மனின் வாகனம் என்று நம்பியதை. விபூதியை, சந்தனத்தை, குங்குமத்தை. தையல் இயந்திரங்கள் நின்றிருந்தன. ஜமால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எங்க அத்தா டீபாட்டுக்கு, பொட்டு வெச்சீங்களா?"

ஆமாம் என்றேன்.

"வாரா வாரம்?"

வாரா வாரம்.

மெஹருன்னிசாவிடமிருந்து முதலில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். இயந்திரத்தின் தலையைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அத்தா இருந்திருக்கணும்டா ஜமாலு. கிளப்புல துரைங்களுக்கு ஊத்துன டீபாட்டு, அங்க போயி சாமியா குந்திகினு இருந்திருக்கு." ஜமாலும் சிரித்தார். அவர் சிரிப்பதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

வெந்நீர் வந்தது. கெண்டியின் கீல்பக்கத்தை அதில் முக்கி வைத்தோம். மெஹருன்னிசா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தையல் ஊசியால் கெல்ல ஆரம்பித்தார். காஜா எடுக்கிற கை. ஒவ்வொரு கெல்லுக்கும் வெள்ளையாய் ஒரு துணுக்கு வந்தது. அவற்றை அவர் ஊதித் தள்ளவில்லை. ஒரு சீருடைத் துண்டின்மேல் ஓரமாய்ச் சேர்த்து வைத்தார். கெண்டியின் கீலில் மூன்று வளையங்கள் மெல்லத் தெரிந்தன. நடுவே இரண்டு பள்ளம்.

கறுத்த மூடியை எடுத்து வைத்தார். அதன் இரண்டு வளையங்கள் அந்த இரண்டு பள்ளத்திலும் இறங்கின. தள்ளவேண்டியிருக்கவில்லை. ஐந்து வளையமும் ஒரே துளையாய் நேர்கோட்டில் நின்றன. கையில் இருந்த ஊசியை அதற்குள் செருகினார். அது ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தலை நீட்டியது. மூடியை விரலால் தட்டிவிட்டார்.

டக்.

ஜமால் வாங்கித் திறந்து மூடினார். திறந்து மூடினார். ஐந்தாறு தடவை. அக்கா கையைத் தட்டிவிடும்வரை.

"அமானிதம்" என்றார் மெஹருன்னிசா. ஒருவரை நம்பி ஒப்படைத்த பொருளுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை. "உங்கம்மா அமானிதத்த காப்பாத்திட்டாங்க அண்ணா." சேர்த்து வைத்த விபூதியை அந்தத் துணியிலேயே மடித்து என் கையில் கொடுத்தார். இது உங்களுடையது என்றார்.

அத்துடன் முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, கெண்டியோடு வாசலில் இறங்கினார். ஜமால் அவர் பின்னாலேயே நடந்தார். நானும்.

கோட்டைக்கு எதிரே டீக்கடை. முற்பகல் கூட்டம், ஒரு பத்துப் பேர். அந்தக் கடைக்கு அவர் வந்து பார்த்ததே இல்லை என்று எல்லோர் முகமும் சொன்னது. கெண்டியைப் பலகைமேல் வைத்தார். பால் போலக் கெண்டி, கரி போல மூடி.

மாஸ்டர் கொஞ்சநேரம் பார்த்தார். "இதானா அது?"

"இதான். இது நெறைய டீ போடு."

மாஸ்டர் அன்று டீயை ஆற்றியதைப் போல் பினாங்கில் தே தாரிக் என்கிற நுரை டீயை ஆற்றுகிறவன்கூட ஆற்ற மாட்டான். வெள்ளிக் கைப்பிடி சுட்டது. ஜமால் தோளில் போட்டு வந்த சீருடைத் துணியைச் சுற்றிக் கொடுத்தார். அக்காதான் ஊற்றினார். முதல் டம்ளரை எடுத்து, பலகைமேல், என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"மொதல் டம்ளர் உங்களுக்குத்தான அத்தா குடுப்பாரு."

குடித்தேன். ஏலக்காய்க்கு அடியில், நாக்கின் ஓரத்தில், துளி விபூதி இருந்தது.

அப்புறம் எல்லோருக்கும் வரிசையாக ஊற்றினார். பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். ஒருவரும் கேலி பேசவில்லை. ஒருவர் மட்டும், நம்ம கபூர் கைப்பக்குவம் வரலை என்றார். அதற்கு மெஹருன்னிசா, உங்களுக்கு அவர் கைப்பக்குவம் ஞாபகம் இருக்கிறதே, அதுவே போதும் மாமா என்றார்.

ஆட்டோ டிரைவர் கடைசியாக வந்தார். காலி டம்ளரை நீட்டிக்கொண்டு, கெண்டியை எட்டிப் பார்த்தார்.

"மூடியத் தொற அக்கா. இன்னும் டீ கீதா பாப்போம்."

மெஹருன்னிசா திறந்து காட்டினார். இருந்தது. டிரைவருக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தை என் டம்ளரில் விட்டார்.